காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட்

வினோலியாவுக்குப் பத்து வயது. காலையில் மட்டும் அவளுடைய முழங்கால்களுக்கு எண்பது வயது.

தூங்கி எழுந்தால் முழங்காலும் விரல்களும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பல் தேய்க்கும் பிரஷ் கையை விட்டு நழுவும். டெல்லியின் அந்த ஆர்.கே.புரம் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. அம்மா இன்பராணிதான் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு, இரண்டாம் மாடியிலிருந்து அவளை மெல்ல மெல்ல இறக்கிக் கூட்டி வருவார்.

மத்தியானத்துக்குள் இறுக்கம் தளர்ந்துவிடும். "முடியும்போது நல்லா விளையாடு" என்று டாக்டரே சொல்லியிருந்தார். சாயங்காலம் பேட்மிண்டன் மட்டையோடு அவள் பறப்பாள்.

இதுதான் மூன்றாம் மாடி ஜெயகிருஷ்ணன் அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. மத்திய அரசு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் விசாரிக்கிற பழக்கம் போகவில்லை.

"காலைல நொண்டுறா, சாயங்காலம் குதிக்கிறா. பை தூக்காம இருக்க நாடகம்!" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். காய்கறி வண்டிக்காரரிடம் இந்தியில் சொன்னார். தெருப்பூனை ஒன்றுதான் பாக்கி.

விஷயம் பிள்ளைகள் காதுக்கும் போனது.

"பொய் சொல்றவளை எங்க டீம்ல சேக்க மாட்டோம்" என்றான் அக்ஷய்.

வினோலியா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மூட்டு வலியைவிட இது அதிகமாக வலித்தது.

அப்போது காய்கறிப் பையோடு வந்தார் ஜெயகிருஷ்ணன். காலையில் பால் வாங்க விடுவிடுவென்று இறங்கியவர், இப்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா" போட்டார். முதல் மாடியில் முருகனைக் கூப்பிடவும் மூச்சில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

வினோலியாவுக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. ஏறிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள்.

"காலைல நல்லா நடந்தீங்க அங்கிள். இப்ப நொண்டுறீங்களே, நாடகமா?"

"என்னது! ஆர்த்ரைடிஸ்மா, ஆர்த்ரைடிஸ்! மூட்டுல குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. நடக்க நடக்க வலி ஏறும்."

"எனக்கும் ஆர்த்ரைடிஸ்தான். ஆனா வேற வகை. தூங்கி எழுந்தா இறுகிக்கும். நடக்க நடக்க சரியாயிடும்."

"அரே! பத்து வயசுலயா? வருஷக்கணக்கா ஆபீஸ் மாடி ஏறி நான் சம்பாதிச்ச வியாதி அது!"

"சின்னப் பிள்ளைங்களுக்கும் வருமாம் அங்கிள். உங்களுது தேய்மானம். என் உடம்புல காவலுக்கு இருக்கிறவங்க கிருமியை விட்டுட்டு என் மூட்டையே போட்டு அடிக்கிறாங்க. டாக்டர் சொன்னார்."

"அதாவது, வாட்ச்மேன் திருடனை விட்டுட்டு நம்மளையே அடிக்கிற மாதிரி?"

"அதேதான்!"

மூன்றாம் மாடியில் பையை வாங்கும்போது, "காலைல உன் ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ஜெயகிருஷ்ணன்.

மறுநாள் காலை வினோலியா வீட்டு மணி அடித்தது. வாசலில் அங்கிள்.

"பையைக் குடு. காலைல என் கால் ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

கேட்டில் பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பையைச் சுமந்து வருவது யார் என்று பார்த்த அக்ஷய் வாயைப் பிளந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று முழங்கினார் ஜெயகிருஷ்ணன். "எங்க ரெண்டு பேருக்கும் ஆர்த்ரைடிஸ். இவளுக்கு மார்னிங் ஷிஃப்ட், எனக்கு ஈவினிங் ஷிஃப்ட். இவ நாடகம் போடறான்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் அங்கிள்" என்றான் அக்ஷய்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அச்சா... அந்த ஆள் நேத்தோட ரிட்டயர் ஆயிட்டார்."

பிறகு வினோலியா பக்கம் குனிந்து, "தப்பு என்னோடதுதான் கண்ணு" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலம் அக்ஷயே வந்து கூப்பிட்டான். "ஜல்தி வா, நீ என் டீம்!"

வினோலியா மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினாள். ஜெயகிருஷ்ணன் மாடி ஏறாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை கைதட்டினார். வாங்கி வந்த காலிஃபிளவர் பையை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போக அவருக்கும் ஒரு ஆள் வேண்டாமா?