ஒரே சாய்ப்பில்

அக்காவின் உள்ளங்கையில் கார்க் கதகதப்பாக இருந்தது. நாற்பது வருடம் நிலவறையின் ஈரச் சுவரோரம் படுத்துக் கிடந்த பாட்டிலின் கார்க், யாரோ கைக்குள் பொத்தி வைத்திருந்து கொடுத்தது போல.

"தொட்டுப் பாருடா."

"உன் கைச்சூடுக்கா," என்றான் தம்பி.

அவன் பிறந்தபோது அப்பா வாங்கி வைத்த சிவப்பு ஒயின். நாற்பது முடிகிற அன்று திறக்கச் சொல்லியிருந்தார்.

"எனக்குன்னு ஒரு சோடா பாட்டில்கூட வைக்கல மனுஷன்."

"உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினாங்க."

சிரித்தாள். மேசையில் வறுத்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. பழைய ஒயினை ஒரே சாய்ப்பில் கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் அடிவண்டல் கலங்கி எல்லாம் பாழ். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்து, வண்டல் வரும்போது போதும் என்று சொல்வது அவள் வேலை.

தம்பி நின்றபடி சாய்த்தான். ஈர இலையும் பழைய தோலும் மணக்க, செங்கல் நிறத்தில் ஒயின் இறங்கியது; களகளவென்ற சத்தம் இல்லை, மூக்கால் மெல்ல விடும் மூச்சு மட்டும், அது தம்பியுடையதா பாட்டிலுடையதா என்று பிரிக்க முடியாதபடி.

அவன் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் வெளுத்திருந்தன. மணிக்கட்டின் ஊடாகச் சட்டையின் கோடுகள் தெரிந்தன.

வாய் திறந்தாள். கலங்கிவிடுமே என்று தயங்கினாள். அப்பா வைத்தது. ஒரே ஒரு பாட்டில்.

ஒரு கணம்தான்.

"போதும்டா."

"நிறுத்த முடியலக்கா."

குரல் ஜாடியிலிருந்து வந்தது.

மெழுகுவர்த்தி கைநழுவி அணைந்தது. பாட்டிலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அதன் வாயைப் பெருவிரலால் அடைத்தாள். விரலைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. இளஞ்சூடாக. அவன் தோள் போயிற்று. கழுத்து. காதோரத்து மச்சம். கண்கள் மட்டும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தன.

சட்டை தரையில் விழுந்தது.

வெற்றுப் பாட்டில் உருண்டு ஜாடியை இடித்தது. மேசை விளிம்பைத் தாண்டிச் சரிந்த ஜாடியை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

ஒரு ஆளின் கனம்.

"சிந்தாம பிடிச்சுக்கக்கா."

விளிம்புவரை நிறைந்திருந்தது. குனிந்தால் சிந்தும். நகர்ந்தால் சிந்தும். கூப்பிட வீட்டில் யாரும் இல்லை.

முழங்கைகள் நடுங்கத் தொடங்கின.

ஒரு சொட்டு விளிம்பில் திரண்டது.

ஜாடிக்குள் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.