குளத்துக்குப் பதினெட்டு மனு

வாளியில் வந்தது ஒரு மண்டை ஓடு!

பொக்லைன் லீவரைப் பிடித்திருந்த வேம்புலியின் கை அப்படியே நின்றது. ஆகாயத்தாமரை வேர், சேறு, பால் கவர்... அதற்கு நடுவில் அது.

கூடவே லேமினேஷன் போட்ட ஓர் அடையாள அட்டை. கரையில் நின்றவர்கள் கழுவிப் பார்த்தார்கள்.

லட்சுமணன். பக்கத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர், போனவர்தான்.

லட்சுமணனை வேம்புலிக்குத் தெரியும். அதுதான் தொல்லையே.

ஒரு மணி நேரத்தில் அண்ணனூர் குளக்கரை முழுக்க போலீஸ். இரண்டாவது மணி நேரத்தில் வேம்புலி ஸ்டேஷனில்.

இன்ஸ்பெக்டர் ஷோபனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பல்லாம் இதே குளத்துல மீன் பிடிச்சவன்தானே நீ?"

"ஆமா மேடம்."

"லட்சுமணன் குடிச்சிட்டு வந்து உன் வலையை அறுத்தாரு. நீ என்ன சொன்ன?"

"'உன்ன இந்தக் கொளத்துலயே பொதைப்பேன்'னு சொன்னேன் மேடம். ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை... அத்தப் போயி..."

"ஊரே கேட்டிருக்கு. அடுத்த வாரமே ஆளைக் காணோம். இப்ப அதே குளத்துல எலும்பு. நான் என்னன்னு எழுதட்டும்?"

"பொதைச்சவன் நான்னா, நானே தோண்டி எடுப்பேனா மேடம்?"

"சேத்தோட சேறா அள்ளி லாரியில ஏத்திடலாம்னு பார்த்திருப்ப. கரையில ஆளுங்க நின்னாங்க. மாட்டிகிட்ட."

வேம்புலியின் மகள் நிஷாவுக்கு ஆவணியில் கல்யாணம். கொலைகாரன் வீட்டில் எந்தச் சம்பந்தி கை நனைப்பான்? நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

வெளியே இன்னொரு அழுகை கேட்டது. பார்வதம். லட்சுமணனின் மனைவி. நெற்றி நிறைய குங்குமத்தோடு நாலு வருஷமாகப் புருஷனுக்குக் காத்திருந்தவள். குப்பையும் சாக்கடையுமாய்க் கிடந்த ஒன்பது ஏக்கர் குளத்தைத் தூர்வாரச் சொல்லி, ஆபீஸ் ஆபீஸாக ஏறிப் பதினெட்டு மனு கொடுத்தவளும் அவள்தான். ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

"அந்தம்மாதான் உன் பேரைச் சொல்றாங்க," என்றார் ஷோபனா. "அவங்களுக்கும் உனக்கும் ஏதாவது பகையா?"

"இன்னா பகை மேடம்? எங்களுக்குச் சோறு போட்ட மவராசி. போன வாரங்கூட கொளத்தங்கரையில எல போட்டுப் படைச்சு, காக்காவுக்கு வெச்சிட்டு எங்களுக்குப் பரிமாறினாங்க. அவங்க அம்மாவுக்குத் தெவசமாம்."

"வீட்டை விட்டுட்டு குளத்தங்கரையிலயா?"

"நமக்கு இன்னா தெரியும்? படையல்ல வெச்ச துணியக்கூட எனக்கே குடுத்துட்டாங்க. எட்டு முழ வேட்டி."

ஷோபனாவின் பேனா நின்றது.

"என்ன துணி?"

"வேட்டி..."

சொல்லும்போதே வேம்புலிக்கு உறைத்தது. செத்தது பெண் என்றால் படையலில் புடவை அல்லவா வைப்பார்கள்? ஆணுக்குத்தானே வேட்டி?

"இலையில வேற என்ன இருந்துச்சு?"

"பிராந்தி பாட்டிலு. சிகரெட்டு. அம்மாவுக்கு எதுக்கு பிராந்தின்னு ரோசனை வந்துச்சு மேடம். ஆனா குடிச்சிட்டோம்."

பார்வதம் உள்ளே அழைக்கப்பட்டாள்.

"உங்கம்மா சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார் ஷோபனா.

அழுகை பட்டென்று நின்றது!

"ஊருக்கு முன்னாடி குங்குமம். குளத்துக்கு முன்னாடி தெவசம். புருஷன் செத்தது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"கனவுல வந்தாரு மேடம்," என்றாள் பார்வதம். "பசிக்குதுன்னாரு. வருஷா வருஷம் வந்தாரு... அன்னிக்கு குடிச்சிட்டு கரையில வச்சு அடிச்சாரு. தள்ளிவிட்டேன். மேல வர்றாரான்னு பார்த்துகிட்டே நின்னேன். ஆகாயத்தாமரை மூடிக்கிச்சு."

"அது பாட்டுக்கு மூடியே கிடந்திருக்குமே. எதுக்கு மனு மேல மனு?"

"என் பையன் அஸ்வினுக்கு வாரிசு வேலை வேணும். ஃபேக்டரியில இறப்புச் சான்றிதழ் கேட்டாங்க. காணாமப் போனவருன்னா ஏழு வருஷம் ஆகணுமாம். அதுக்குள்ள இவனுக்கு வயசு தாண்டிடும். எலும்பாவது கிடைச்சா போதும்னு..."

"அதுக்கு இவனை மாட்டிவிட்டீங்க."

பார்வதம் வேம்புலியின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் போட்ட சோறு அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"நீ கிளம்பலாம்," என்றார் ஷோபனா.

வாசல்வரை போனவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான்.

"மேடம்... கொளம் இன்னும் பாதி அப்படியே கீது. அந்தம்மாவ உள்ள வெச்சிட்டா, மிச்சத்துக்கு எவன் மனு குடுப்பான்?"