கல்லுக்கு அடியில் சாட்சி

சித்தூரில் சித்திரை வெயில் ஓடுகளைச் சுட்டெரித்த அந்தப் பிற்பகலில், சர்வே அதிகாரி தேவானந்தத்தின் வீட்டுக் கூடத்தில் மட்டும் தரை சில்லென்று ஈரமாக இருந்தது. குடம் சிந்தவில்லை. கூரை ஒழுகவில்லை. வெறுங்காலை வைத்த தேவானந்தம் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அந்தக் குளிர் அவருடைய பாதத்துக்கு ஏற்கெனவே பழகியது.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரிக்கும் வேலையில் ஊர் ஊராகக் கல் நட்டுக்கொண்டிருந்தவர் அவர். அதற்கு முன்பு அவர் நட்ட கல் ஒன்று தென்துருவப் பனியில் இருந்தது. வல்லரசுகள் நாளை அந்தப் பனியைப் பங்கு போட்டுத் தளம் அமைத்தால், நம் கடலின் தெற்கு வாசலை யார் காப்பது? நாமும் ஓர் அடையாளம் வைத்தாக வேண்டும். அப்படிச் சொல்லித்தான் மேலதிகாரிகள் அவரை வெளிநாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் ரகசியமாக அனுப்பினார்கள். கூடப் போனவன் நகரிக்காரன் முனிரத்தினம், நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி பிடிப்பவன். அவன் பனிப்பிளவில் விழுந்து செத்தான் என்று திரும்பி வந்த தேவானந்தம் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

வாசலில் நிழல் விழுந்தது. முனிரத்தினத்தின் மனைவி செங்கம்மா.

"இன்னா சார், ஊடு சில்லுனு கீது? ஊட்டியைத் தூக்கியாந்து வச்சினு கீறீங்களா?"

"உட்காரும்மா."

"வாணாம். ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கல்லு நட்டா அடியில கரி போடணும். கல்லைப் புடுங்கி எறிஞ்சாலும் கரி மக்காம சாட்சி சொல்லும். கரி போடாம எங்க ஊட்டுக்காரு கல்லு நட்டதே இல்ல. அந்தப் பனியில ஏது சார் கரி?"

அவர் ஈரத் தரையைப் பார்த்தார்.

"தெனம் கனவுல வந்துக்கினு கீறாரு. மேல கல்லு கனக்குதுடின்றாரு. இன்னா போட்ட சார் அடியில?"

மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"உன் கல்லுக்கு ஆவும்."

அவள் போய்விட்டாள்.

அன்று கரிப்பையைக் கப்பலிலேயே மறந்துவிட்டு வந்தது தேவானந்தம்தான். பனிப்பிளவில் விழுந்த முனிரத்தினத்துக்குக் கால் மட்டும்தான் முறிந்திருந்தது. சுமந்து போனால் கப்பல் கிளம்பிவிடும். கல்லுக்குச் சாட்சியும் வேண்டும். குழியில் அவனைக் கிடத்திக் கற்களை அடுக்கினார். அவன் கெஞ்சவில்லை. "கரி மக்காது சார்," என்றான், கடைசிக் கல்லுக்கு அடியிலிருந்து. "இங்க மனுசனும் மக்கமாட்டான்."

உள்ளறையில் ஏதோ இழுபட்டது. இரும்பு. வளையம் வளையமாக, நிதானமாக, அளப்பதுபோல.

ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையைத் தொடுமுன் வெளுத்தது. கொடியில் தொங்கிய துணி பலகையாக விறைத்தது. அவர் விட்ட மூச்சு வெண்புகையாக நின்றது.

ஓட வேண்டும். காலைத் தூக்கினார்.

வரவில்லை.

கூடத்தைக் கடந்து வந்த சங்கிலி அவர் குதிகாலைத் தொட்டதும் விறைப்பாக நின்றது. இடம் சரி. தரை பிளந்து அவரை உள்ளே இழுத்தது. முழங்கால். இடுப்பு. மார்பு. கத்த வாய் திறந்தார். குளிர் நாக்கைப் பிடித்தது.

ஒரு கால் மடங்கித் தொங்க, உறைபனி படிந்த இமைகளோடு முனிரத்தினம் வந்தான். வாசற்படிக் கரியை எடுத்துத் திறந்த அந்த வாயில் பத்திரமாக வைத்தான்.

பிறகு, முதல் கல்லைத் தூக்கினான்.