எதிர்ப்பக்கத்துப் பஸ்

"'இந்த ஆண்டு நம் ஆலையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றில் கலக்கவில்லை...'"

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஆலையின் தலைவரான அப்பாவுக்கு ஆண்டறிக்கைக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். அன்று கார் சர்வீசுக்குப் போயிருந்ததால், கொட்டும் மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி படித்தாள்.

"பொய்!"

திரும்பினாள். ஓர் இளைஞன். நனைந்த தலை, தோளில் ஒரு பை... அடடா, என்ன கண்கள்! ஒரு நொடிதான். அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கல. ஆனா அந்த ஆத்துத் தண்ணியச் சோதிக்க வெளியிலேர்ந்து வந்த தணிக்கையாளன் நான்தான். பதினோரு நாள் கழிவு கலந்திருக்குங்க. இந்த வரி இருந்தா அறிக்கையில கையெழுத்துப் போடமாட்டேன்."

"எவ்வளவு அழகான வரி தெரியுமா?"

"அழகுதான்... யாரு இல்லேன்னா?" என்றவன் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாளும் வந்தாள், சண்டை போடத்தான். அவனும் நின்றிருந்தான். அதற்கு மறுநாள் சோதனைத் தாள்களை நீட்டினான். படித்தவள் அன்றிரவே கடிதத்தை மாற்றி எழுதினாள்.

வீட்டில் அப்பா கொதித்தார். "பங்குதாரர் முன்னாடி என்னைத் தலைகுனிய வைக்கப் போறியாம்மா?"

"வேற யாரோ சொல்லித் தலைகுனியறதுக்கு, நீங்களே சொல்லிடுங்கப்பா."

பங்குதாரர் கூட்டத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. பழைய கடிதம், புதிய கடிதம் இரண்டையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு அழுதாள்.

கூட்டத்தன்று அப்பா எழுந்தார். எந்தக் கடிதத்தை எடுத்து வந்திருக்கிறாரோ என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு நாள் தவறிவிட்டோம்," என்று படித்தார். "இனி மாதாமாதம் அளவை வெளியிடுவோம்." ஒருவர் காரசாரமாகக் கேள்வி கேட்டார். அப்பா உட்காராமல் பதில் சொன்னார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் அதே நிறுத்தம், அதே மழை.

"கையெழுத்துப் போட்டாச்சு," என்றான். "இங்க என் வேலையும் முடிஞ்சுது. அதுவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்..."

"என்ன?"

"என் பஸ் இங்க வராதுங்க. எதிர்ப்பக்கம்தான் நிக்கும். முதல் நாள் மழைக்கு ஒதுங்கினேன். அப்புறமெல்லாம்... உங்களுக்காக."

அப்பாவின் குரலில் பக்கம் பக்கமாக எழுதியவள், சொந்தக் குரலில் ஒரு வரிக்குத் திணறினாள்.

"என் கார்..."

"காருக்கு என்ன?"

"சர்வீஸ்லேர்ந்து மறுநாளே வந்துடுச்சு."