நாற்பத்தொன்றாவது சீட்டு

மூன்றாம் எண் தொலைபேசியின் பக்கம் கொண்டுபோனால் மட்டும் கதிரியக்கத்தை அளக்கும் கருவி 'டிக் டிக்' என்று துடித்தது. இரண்டடி தள்ளிப் பிடித்தால் சாதுவாகிவிட்டது.

"பேட்டரி போயிருக்கும் வாத்தியாரே," என்றாள் கருவியைப் பிடித்திருந்த பெண். "இல்லன்னா அந்த போனுக்கு உங்க மேல ஏதோ கோவம்."

கதிரியக்க ஆணையத்தின் அவசரகால அறையில் 'வாத்தியார்' என்பதுதான் அவருக்குப் பெயர். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒத்திகைக்கு நாற்பது சீட்டு எழுதுபவர் அவர். எங்கோ கசிவு, எங்கோ லாரி கவிழ்ந்தது என்று சீட்டுக்கு ஒரு விபத்து. பக்கத்து அறை ஊழியர்கள் அவற்றைப் பொதுமக்கள் போலத் தொலைபேசியில் நடித்துச் சொல்வார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'இது பயிற்சி' என்று சொல்லியாக வேண்டும்.

வாத்தியார் சிரித்துவைத்தார். சிரிப்பு ஒட்டவில்லை. போன ஆண்டு ஒத்திகையின்போது இதே தொலைபேசியில் ஒரு பெண் அழைத்தாள். பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கும் கணவன் ஒரு குட்டி உருளையைக் கொண்டுவந்தானாம், அது நீலமாக மின்னுகிறதாம், குழந்தை அதைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறதாம், மூவருக்கும் வாந்தி நிற்கவில்லையாம். "நல்லா நடிக்கிறீங்கம்மா. ஆனா இது பயிற்சின்னு சொல்ல மறந்துட்டீங்க," என்று வாத்தியார் போனை வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் மூன்று சாவு. விசாரணையில், அப்படி எந்த அழைப்பும் வரவில்லை என்று கூசாமல் கையெழுத்துப் போட்டார். ஊர் வாயை அடைக்கப் புது விதி ஒன்றையும் அவரே கொண்டுவந்தார்: யாராவது மூன்று முறை 'நிஜம்' என்றால் ஒத்திகை அந்த நொடியே நிற்க வேண்டும்.

பத்து மணிக்கு ஒத்திகை தொடங்கியது. எல்லோருடைய செல்போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். மணிச் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் ஏசியின் முனகலும் கலந்த அந்த இரைச்சலுக்கு அடியில், யாரோ அடுப்பில் தலைமுடியைப் போட்டதுபோல ஒரு கருகல் நாற்றம் மெல்ல எழுந்து, அவர் எங்கே திரும்பினாலும் கூடவே திரும்பி, கடைசியில் மூன்றாம் தொலைபேசியின் வாய்ப்பகுதியில் வந்து நின்றது.

அது அடித்தது. எடுத்தார். மனைவி.

"ஏங்க, செல்போன எடுக்கல நீங்க. இந்த நம்பர அந்த அம்மாதான் குடுத்தாங்க."

"எந்த அம்மா?"

"உங்க ஆபீஸ்தானாம். தலையில முடியே இல்ல, பாவம். கையெல்லாம் கட்டு. நம்ம பாப்பாவுக்கு ஒரு குட்டி உருளை குடுத்திருக்காங்க. மேஜைக்கு அடியில உட்காந்துகிட்டு பாக்குறா. நீலமா என்னமா மின்னுது தெரியுமா?"



"அதப் புடுங்கி வீசு. பாப்பாவத் தூக்கிகிட்டு வெளிய ஓடு."

மனைவி சிரித்தாள். "இப்படித்தான் பதறுவாருன்னு அவங்க முன்னாடியே சொன்னாங்க. பயிற்சியாமே?"

வாத்தியார் எழுந்தார். நாற்காலி சாய்ந்தது.

"நிஜம். நிஜம். நிஜம்."

அறை அடங்கியது. ஒத்திகையை நடத்தும் இயக்குநர் கையிலிருந்த சீட்டுக் கட்டைப் புரட்டி, கடைசிச் சீட்டை உருவினார். நாற்பத்தொன்று. வாத்தியாரின் கையெழுத்து. அவரே சுழிக்கும் சுழி.

"வீட்டிலிருந்து அழைப்பு வரும்," என்று இயக்குநர் படித்தார். "அதிகாரி மூன்று முறை நிஜம் என்பார். யாரும் நம்பக் கூடாது. வெளியே விடக் கூடாது."

"சார், இத நான் எழுதல."

"அதுவும் இருக்குய்யா. 'நான் எழுதவில்லை என்பார்.' பிரமாதமா யோசிச்சிருக்க."

காவலர் கதவைச் சாத்தினார். வாத்தியார் அவர் மேல் விழுந்து மோதினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், சிரித்தபடியே.

"போன வருஷம் அந்தம்மா போன் பண்ணாங்க. நான்தான் எடுத்தேன். நான்தான் மறைச்சேன். மூணு பேரையும் நான்தான் கொன்னேன். என் பொண்ண விடச் சொல்லுங்க."

ஓராண்டாக நெஞ்சில் கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. இயக்குநர் நடிப்புக்கு மதிப்பெண் போட்டார். பத்துக்குப் பத்து.

கருவியின் டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடைவெளி இல்லை. ஒரே கீச்சு. யாருக்கும் கேட்கவில்லை.

வாத்தியார் திமிறி வந்து தொலைபேசியைக் காதில் அழுத்தினார். மனைவியின் குரல் இல்லை.

"அப்பா."

"பாப்பா, கீழ போடுடா. கீழ போடு."

"ஆன்ட்டி இத வாயில போட்டுக்கச் சொல்றாங்க. போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம்."

அறை முழுக்கக் கைதட்டல்.

"என்னப்பா? கேக்கல."

கத்தினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பிறகு, காதுக்குள், பால் பல்லில் உலோகம் தட்டும் சின்னச் சத்தம்.