பன்னிரண்டாவது பலகை

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் பொழுதுபோக்கு அறைக்குள் மாஸ்டர் நுழைந்தபோது மதியம் மூன்று மணி. பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. வட்டமாகப் போட்ட மேசைகளில் இருபது செஸ் பலகைகள். பின்னால் இருபது நோயாளிகள். அவர் ஒருவரே சுற்றிச் சுற்றி வந்து அத்தனை பேரோடும் ஆட வேண்டும். அவர் எதிரே வந்து நின்றால்தான் எதிராளி காயை நகர்த்தலாம். அதுதான் முறை.

யார் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை. பலகை மட்டும்தான். தோல்வியே அறியாதவர் என்ற பெயர் சும்மா வந்துவிடுமா?

இதே ஆஸ்பத்திரியில்தான் ஏழு வருடங்களுக்கு முன் அவர் தம்பி செத்துப்போனான். கட்டிலில் கிடந்தபடி அண்ணனோடு ஆடி, வாழ்நாளில் முதல்முறையாக ஜெயிக்கும் நிலைக்கு வந்திருந்தான். "ரயிலுக்கு நேரமாச்சுடா" என்று காய்களைக் கலைத்துவிட்டுப் போட்டிக்குக் கிளம்பினார் இவர். கோப்பையோடு திரும்பியபோது கட்டில் காலி. நல்ல அண்ணன்!

ஐந்தாவது சுற்றில் பன்னிரண்டாவது பலகைக்கு வந்தார். போன சுற்றில் விட்டுப்போன ஆட்டம் அதில் இல்லை.

அன்று கலைத்த ஆட்டம் இருந்தது.

அறையில் இருமல் சத்தமெல்லாம் சட்டென்று நின்றது.

பிளாஸ்திரி ஒட்டிய மெலிந்த கை ஒன்று கறுப்பு யானையை நகர்த்தியது.

"இப்ப நேரம் இருக்காண்ணா?"

நிமிர்ந்து பார்க்க மாஸ்டருக்குத் தைரியமில்லை. ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டால் போதும். தம்பி ஆசைப்பட்டது அவ்வளவுதான். கை ராஜாவரை போனது. அதற்குள் பாழாய்ப்போன கண், தம்பி அவசரத்தில் விட்ட ஓட்டையைப் பார்த்துவிட்டது.

குதிரையை எடுத்து வைத்தார். "செக்மேட்."

எதிரே ஒரு பெருமூச்சு. நிமிர்ந்தார். நாற்காலி காலி.

"இங்க உக்காந்திருந்தவரை அப்பவே எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க சார்" என்றாள் நர்ஸ்.

வியர்த்துக்கொட்ட அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அங்கே இருந்த லாரி டிரைவர் தன் ராஜாவைத் தானே சாய்த்தார்.

டக்.

பதினான்காவது பலகையிலும் டக். பதினைந்திலும். சத்தம் ஒவ்வொரு மேசையாக வட்டத்தைச் சுற்றி நகர்ந்தது.

"நல்லாத்தானே ஆடிட்டிருந்தீங்க?" மாஸ்டர் டிரைவர் பக்கம் குனிந்தார்.

"உங்க தம்பிதான் சார் காதுல சொன்னாரு," என்று கிசுகிசுத்தார் டிரைவர். "'பாவம், எங்கண்ணனுக்குத் தோக்கத் தெரியாது. விட்டுக்கொடுத்துடுங்க'ன்னு. இதோ, ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லிட்டுப் போறாரு பாருங்க."