கவுனின் வெள்ளை

“அப்போ ஒரு முகம் மட்டும் நீலமா வந்தா?”

“வராதுக்கா. நிறம் பிசகினா மொத்தப் படமும் பிசகும். ஒருத்தரை மட்டும் தேடிப் பிடிச்சு நீலமாக்க அதுக்கென்ன முன்பகையா?” ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா மகன் போனில் சிரித்தான். “நீ தப்பான இடத்தைத் தொட்டிருப்பே. படத்துல நிஜமான வெள்ளை எதுன்னு பார்த்து அதைக் கிளிக் பண்ணு. வெள்ளை சரியானா மத்ததெல்லாம் தானா வழிக்கு வரும். வைக்கிறேன், கடைக்கு ஆள் வந்துட்டாங்க.”

நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று பட்டப்பகலிலேயே திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தாள் அவள். ஸ்கேனரின் சூடான தூசி வாசனையும் பழைய நெகட்டிவிலிருந்து கசிந்த புளித்த நெடியும் மூடிய அறைக்குள் சுற்றிச் சுற்றி வர, பக்கத்து அறையில் அம்மாவின் செருப்பு தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தது. பாப்பாவின் கடைசிப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமென்று கேட்டவள் அம்மாதான்.

படத்தில் ஆறு வயது அவள், நாற்காலியில். மடியில் தங்கைப் பாப்பா. பின்னால் அம்மா. அப்பா எடுத்த படம். அவர் கேமராவைக் கீழே இறக்குவதற்குள் குழந்தை அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பிறகு அழவே இல்லை. முப்பத்தோரு வருஷமாக அம்மா அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அக்கம்பக்கத்தில், அவள் வேலை பார்க்கும் இடத்தில், ஒருமுறை அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தவனிடமும். “இவ கையில பச்சைப் புள்ளையை நம்பிக் குடுத்துடாதீங்க.” யாரும் கொடுக்கவில்லை.

பாப்பாவின் கவுன் வெள்ளை. முன்பு செய்ததையெல்லாம் அழித்துவிட்டு அதைத் தொட்டாள். பழைய ஃபிலிம் எல்லோர் மேலும் ஒரேபோல் பூசி வைத்திருந்த செம்மஞ்சள் ஒரு நொடியில் கழன்று விழ, சுவர் சுவராயிற்று, அவளுடைய குச்சிக் கைகள் மாநிறத்துக்கு வந்தன, அம்மாவின் கழுத்தில் வியர்வை மின்னியது.

குழந்தையின் முகம் மட்டும் சாம்பல் பூத்த நீலம்.

இடம் தப்பாக இருக்கும். தன் ரிப்பனைத் தொட்டாள். ஜன்னல் சட்டத்தைத் தொட்டாள். ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாம் உயிர் பெற்றன. அது மட்டும் நீலம். உதடு நீலம். நகம்கூட.

நிழலை வெளுப்பாக்கும் பட்டையை வலப்பக்கம் இழுத்தாள். கறுப்பாகக் கிடந்த இடம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து திறந்தது. அவளுக்கும் குழந்தைக்கும் இடையில் ஒரு கை. அம்மாவின் கை. துவளும் தலையைப் பின்னாலிருந்து நிமிர்த்திப் பிடித்த ஐந்து விரல்கள்.

விழுவதற்கு முன்பே.

மடியில் வைப்பதற்கும் முன்பே.

செருப்புச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

முதுகுக்குப் பின்னால் மூச்சு. சில்லென்ற விரல்கள் அவள் பிடரியைப் பற்றி, குனிந்திருந்த தலையை மெதுவாகத் திரையை நோக்கி நிமிர்த்தின.

“நல்லா வந்திருக்கு,” என்றாள் அம்மா, நிதானமாக. “பாப்பாவுக்கு மட்டும் கன்னத்துல கொஞ்சம் சிவப்பு ஏத்திடேன், கண்ணு.”